பத்துக் கோடு போட்ட பாட்டில்

ஊசி கழற்றிய சிரிஞ்சு சொம்புத் தண்ணீரில் இறங்கியது. பத்து மில்லி உறிஞ்சிக்கொண்டு எழுந்து, இடது கை பிடித்திருந்த காலி பாட்டிலுக்குள் பீய்ச்சியது. இப்படி மூன்று முறை. நான்காம் முறை ஐந்து மில்லி மட்டும். வலது கை சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலை ஜன்னல் திட்டில் நிறுத்தியது. தண்ணீர் ஆடி அடங்கும்வரை இரண்டு கைகளும் காத்திருந்தன. அடங்கியதும், சிவப்பு நெயில் பாலிஷின் தூரிகை தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுத்தது.

அடுத்த கோட்டுக்கு மறுபடியும் மூன்றரை சிரிஞ்சு. ஐந்தாவது கோடு ஓர் ஓரத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டு விழுந்தது. ரிமூவர் தொட்ட பஞ்சு அதைத் துடைத்தெடுத்தது. துடைத்த இடம் காயும்வரை காத்திருந்து, தூரிகை மறுபடி இழுத்தது.

பாட்டிலின் உடம்பு நேராக இருந்தவரை கோடுகள் சம இடைவெளியில் ஏறின. தோள் பக்கம் ஒடுங்கத் தொடங்கியதும் இடைவெளி கூடியது. அளவு அதே மூன்றரை சிரிஞ்சுதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தால் மேல் இரண்டு கோடும் பொய்யாகப் போயிருக்கும்.

பத்தாவது கோடு போடும்போது மட்டும் அந்தக் கைகளில் அவசரம் தெரிந்தது. ஆனாலும் தண்ணீர் அடங்குவதற்கு முன்னால் தூரிகையை எடுக்கவில்லை.

அந்தக் கைகள் செல்லக்கிளியுடையவை. நாற்பத்தெட்டு வயதுத் திருநங்கை. நகக்கண்களில் இன்னமும் நீலம் ஒட்டியிருக்கும். அருப்புக்கோட்டையில் சங்கரபாண்டியன் முதலாளியின் நூல் சாயப்பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் நின்ற நீலம் அது. எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கப் போகும் தாய் தகப்பனுக்கு மூன்றாவது மகனாகப் பிறந்து, பதினாறு வயதில் பாவாடை கட்டிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறியவர். பட்டறைக்கு வேலை கேட்டுப் போனபோது முதலாளி மேலும் கீழும் பார்த்தார். "நீ என்ன உடுத்துனாலும் எனக்கு ஒண்ணுமில்ல. கலர் ஒத்து வரணும்" என்றார். கலர் ஒத்து வந்தது. அரக்கில் தொடங்கி இளஞ்சிவப்பு வரை பத்து நூல் சிட்டங்களை, ஒன்றைவிட மற்றொன்று ஒரு மாத்திரை வெளுப்பாக, முறை தவறாமல் முக்கி எடுப்பதில் அவருக்கு ஈடாக அந்தத் தெருவில் ஆள் இல்லை. தொட்டியில் சாயத்தை எவ்வளவு குறைத்தால் எவ்வளவு வெளுக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துப் படித்தது.

மூச்சிரைப்பு வந்து பட்டறையை விட்ட பிறகு, மூன்று ஆண்டுகளாக வேறு வேலை. மதுரைக்காரர்கள் நடத்தும் ஒரு நோய்த்தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளர். வாரத்தில் நான்கு நாள் பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என்று சுற்றுவார். தோளில் தொங்கும் பையில் புதிய சிரிஞ்சுகள், ஸ்பிரிட் பஞ்சு, ஆணுறை, பி ஒன் வைட்டமின் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தூக்குவாளியில் அவித்த முட்டை.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரிகள் ஒதுங்கும் இடத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு. அங்கே நான்கைந்து திருநங்கைகள் நிற்பார்கள். இவர் தலை தெரிந்ததும் சத்தம் கிளம்பும்.

"ஊசியக்கா வந்துட்டாகடி! எல்லாரும் நல்ல புள்ளையா கைய நீட்டுங்க."

"முதல்ல வாயத் தொறங்கடி. முட்டையத் தின்னுட்டு அப்புறம் குடிங்க. வெறும் வயித்துல ஊத்தாதீக."

"முட்டைக்கு உப்பு எங்கக்கா?"

"உன் வாயிலதான் அம்புட்டு உப்பு இருக்கே, அதைத் தொட்டுக்கோ."

போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள் அந்த வட்டாரத்தில் சிலர் உண்டு. அவர்களுக்கு ஆளுக்கு இத்தனை என்று புதிய ஊசி கொடுப்பார். பழையதை ஓர் எண்ணெய் கேனில் போட்டு வாங்கிக்கொள்வார். ஒரு முறை ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் இறங்கி வந்தார்.

"நீயே ஊசியக் குடுத்துக் கெடுக்கிறயே, உனக்கே அடுக்குமா?"

"அண்ணாச்சி, ஒரே ஊசிய நாலு பேரு குத்திக்கிட்டு நோவுல கெடந்தா நீங்க தூக்க வாரீகளா? நான் ஒருத்திதான் தூக்கணும். எனக்கு மூச்சு வாங்குது."

 அதன் பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்டால் கடைக்காரர் கொடுப்பார்.

செல்லக்கிளி யாரிடமும் "குடிக்காதே" என்று சொன்னதில்லை. திட்டத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கூட வந்து பார்த்துவிட்டு, "எப்பக்கா நிறுத்தச் சொல்லுவீங்க?" என்று கேட்பார்கள். "அவளாக் கேக்கும்போது டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போவேன். நம்ம வாயால நிறுத்துன்னு சொல்லப்பிடாது" என்பார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்தக் காரணத்தை மூன்று ஆண்டுகளாக அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

காரணத்தின் பெயர் சுகந்தி.

திருச்சுழி போகும் ரோட்டில், ஊர் முடியும் இடத்தில், ஆவுடைத்தாய் அம்மாவின் வீடு. அறுபத்தெட்டு வயது. அந்தப் பக்கத்துத் திருநங்கைகளில் பதினோரு பேர் அவருக்கு மகள்கள். செல்லக்கிளி மூத்த மகள். பெற்றவர்கள் கதவைச் சாத்திய பிறகு ஆவுடைத்தாய் திறந்த கதவு அது. வந்து காலைத் தொட்டு "பாம்படுத்தி அம்மா" என்று வணக்கம் சொல்கிறவளுக்குச் சோறும் பாயும் உண்டு. செல்லக்கிளிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்தது அதுதான்.

சுகந்தி அந்த வீட்டுக்கு அப்போது கடைசியாக வந்தவள். இருபத்து நான்கு வயது. கடை கடையாய்க் காசு கேட்கப் போகும் முன்பு ஒரு குவாட்டர், ரோட்டில் நிற்கும் முன்பு ஒரு குவாட்டர். "குடிக்காம நின்னு பாருங்க, ஒவ்வொருத்தன் பேசுற பேச்சுக்கு அங்கேயே கழுத்த அறுத்துக்கலாம்" என்பாள். மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனியில், மாரியம்மன் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டிய கையால் பத்து நாள் கவுச்சி தொடக் கூடாது, குடி தொடவே கூடாது. ஆவுடைத்தாய்தான் கட்டிவிட்டார். சுகந்தி சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒரு சொட்டுத் தொடவில்லை. வீடே அவளை மெச்சியது.

இரண்டாம் நாள் அவள் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் கண்கள் நிலைகுத்தின. யாரையோ பார்த்துப் பேசினாள். உடம்பு குலுங்கியது.

ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று குலவையிட்டார்கள். அந்த வீட்டில் அதற்கு முன் யார் மேலும் சாமி வந்ததில்லை. ஆண்களும் பெண்களுமாகத் தெருவே கூடியது. நாளெல்லாம் விரட்டுகிறவர்கள் அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஆவுடைத்தாய் கற்பூரம் காட்டி, "ஆத்தா, எங்களுக்குச் சொந்தமா ஒரு குழி நெலம் கிடைக்குமா?" என்று குறி கேட்டார். சுகந்தி சுவரைக் காட்டி, "எறும்பு... எறும்பு வருது, எறும்பு..." என்றாள். எறும்பு சேர்ப்பது, சேர்மானம், வீடு நிறையப் போகிறது என்று பொருள் சொல்லி எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். செல்லக்கிளியும் போய்க் காலில் விழுந்தார். "என் மூச்சிரைப்பு தீருமா தாயி?" என்று கேட்டார். விழுந்தபோது நெற்றியில் பட்ட அந்தப் பாதம் அனலாய்க் கொதித்தது. சாமிச் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் சுகந்திக்கு வெட்டு வலிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்தாள். அடுத்தடுத்து மூன்று முறை. அப்போதும் வேப்பிலையால் அடித்து "மலையேறு தாயி" என்றார்கள். ஆட்டோவில் ஏற்றியபோது கழுத்து நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உடன் போனது செல்லக்கிளி. குடிகாரி என்று திட்டுவார்கள், எவ்வளவு குடித்தாள் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்துப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். டாக்டர் ராஜேஸ்வரி கேட்டது அது அல்ல.

"எப்ப நிறுத்தினாங்க?"

"காப்புக் கட்டுன அன்னைக்கே டாக்டர். மூணு நாளா சுத்தமா இருந்தா."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். "தினம் இவ்வளவு குடிக்கிறவங்க ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காதும்மா. கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் வரும், வலிப்பு வரும். நேத்துக் கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிருந்தா இங்க வரவே வேண்டியதில்ல."

செல்லக்கிளிக்கு முதலில் விளங்கவில்லை. "குடிச்சதால இல்லயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு விளங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் ஒட்டிய குங்குமம் அங்கேயே இருந்தது. அவள் செத்துக்கொண்டிருந்தாள், நான் என் மூச்சிரைப்புக்கு வரம் கேட்டேன். இந்த ஒரு நினைப்பைத் தவிர அன்று முழுக்க வேறெதுவும் அவர் தலையில் ஓடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது ஆவுடைத்தாய் வாசலில் நின்றார். "ஆத்தா எடுத்துக்கிட்டா. விரும்பி வந்து எடுத்துக்கிட்டா" என்றார். முகத்தில் அழுகையும் பெருமையும் சேர்ந்திருந்தன. அந்த முகத்தைப் பார்த்து டாக்டர் சொன்னதைச் சொல்ல செல்லக்கிளிக்கு வாய் எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் சுகந்தியின் படத்துக்குச் சட்டம் போட்டு மாலை போட்டுவிட்டார்கள். எட்டாம் மாதம் வீட்டுமனைப் பட்டாவும் வந்துவிட்டது. சுகந்தி சொன்ன எறும்பு பலித்தது என்றார் ஆவுடைத்தாய். அதற்குப் பிறகு சொல்வதற்கு வழியே இல்லாமல் போயிற்று. செல்லக்கிளி டவுனில் தனி அறை பார்த்துக்கொண்டு போனார். டாக்டரிடமே போய்க் கேட்டுக் கேட்டுப் படித்தார். திட்டத்தில் சேர்ந்தார். ஊரெல்லாம் சொன்னார். அந்த ஒரு வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதற்கு இந்தப் பங்குனியில் விலை கொடுக்க வேண்டி வந்தது.

மதுரையில் இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு, இன்று காலை பஸ்ஸை விட்டிறங்கி பொன்ராஜின் ஷேர் ஆட்டோவில் ஏறினார். பொன்ராஜ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, காப்புக் கட்டுக்கு உங்களக் காணோம்? நேத்துச் சாயந்தரம் உங்க ஆளுக அம்புட்டுப் பேரும் மஞ்சச் சேலையில வந்து ஜொலிச்சாகள்ல."

"ஜோதிகாவுமா?"

"அவுகதான் முதல் ஆளு. இந்த வருசம் சட்டி எடுக்காகளாம். மத்தியானமே கடைசிப் பாட்டில ரோட்டுல போட்டு ஒடச்சுட்டாக. நான் கண்ணால பாத்தேன்."

"வண்டிய நிறுத்து."

"இன்னும் ஒங்க தெரு வரலயேக்கா."

"நிறுத்துடா பொன்ராஜு!"

ஜோதிகாவுக்கு இருபத்தாறு வயது. ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது மில்லி, ஏறக்குறைய அரைப் பாட்டில், நான்கு வருடமாக. போன வருடம் சட்டி எடுக்கக் கேட்டபோது, "குடிகாரிக்கு எதுக்குடி அக்கினி?" என்று ஆவுடைத்தாய் மறுத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக இந்த வருடம் உடைத்திருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து எண்ணினால் இப்போது பத்தொன்பது மணி நேரம். செல்லக்கிளி ரோட்டோரத்தில் நின்றபடியே டாக்டருக்கு போன் போட்டார்.

"உடனே கூட்டிட்டு வந்துடுங்க, அட்மிஷன் போட்டுடலாம்" என்றார் டாக்டர் ராஜேஸ்வரி.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டா டாக்டர். முந்தி ஒரு ஊர்ல ஆம்பளை வார்டுல போட்டுட்டாங்க. அந்த ராத்திரி நடந்ததச் சொல்லி இன்னமும் அழுவா. நான் பேசிப் பாக்கேன். ஆனா அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குடியே இல்லாம விடாதீங்க. வழக்கமான அளவுல இன்னைக்குக் குடுங்க, ஒரே மூச்சுல இல்ல, நாலு வேளையாப் பிரிச்சு. நாளைக்குப் பத்துல ஒரு பங்கு குறைங்க. சாப்பாடு, பி ஒன், ராத்திரி பகல் கூட ஒரு ஆள். இன்னைக்கு சாயங்காலம் மாத்திரையோட நானே வீட்டுக்கு வந்து பாக்கிறேன். நடுவுல வலிப்பு வந்தாலோ பேச்சு மாறினாலோ என்னைக் கேக்காதீங்க, நூத்தியெட்டக் கூப்பிடுங்க. வார்டு விஷயம் நான் பாத்துக்கிறேன்னு அவகிட்டச் சொல்லுங்க."

பத்தில் ஒரு பங்கு. செல்லக்கிளிக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். அரக்கிலிருந்து இளஞ்சிவப்புவரை பத்துச் சிட்டம். அறைக்கு ஓடி, பத்துக் கோடும் போட்டு முடித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அறையில் பூட்டி வைத்திருந்த சரக்கை மேல் கோடு வரை நிரப்பி மூடியை இறுக்கினார். பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

ஆவுடைத்தாய் வீட்டு வாசலில் வேப்பிலைத் தோரணம். உள்ளே மஞ்சள் சேலைகள். ஜோதிகா பாயில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பானக டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பானகம் டம்ளருக்குள் நிற்காமல் மடியில் தெறித்துக்கொண்டிருந்தது.

"பாருங்கக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீக" என்றாள் முத்துப்பேச்சி, வீட்டுக்கு இளையவள். "விடியக்காலைல இருந்து கை ஆடுது. ஆத்தா எறங்கப் போறா."

ஆவுடைத்தாய் சுகந்தி படத்துக்குக் கீழே உட்கார்ந்து கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே தட்டு.

"வா செல்லக்கிளி. சுகந்திக்கும் இப்படித்தான் தொடங்குச்சு, ஞாபகம் இருக்கா?" அவர் முகம் மலர்ந்திருந்தது.

 செல்லக்கிளி வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எல்லாம் சிதறிவிட்டது. பைக்குள் கையை விட்டுப் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டார்.

முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, காப்புக் கட்டுன வீடுக்கா!"

"தட்டுவாணி" என்றார் ஆவுடைத்தாய், எழுந்துகொண்டே. "ஊரெல்லாம் ஊசி குடுக்கிறயேன்னு பொறுத்துக்கிட்டேன். ஆத்தா வார நேரத்துல சாராயத்தத் தூக்கிட்டு வந்து நிக்கயா? வெளிய போடி."

"போறேன்மா. இவ இத ஒரு வாய் குடிக்கட்டும், போயிருதேன்."

"எனக்கு வேண்டாங்கக்கா" என்றாள் ஜோதிகா. பல் தந்தியடித்தது. "போன வருசம் குடிகாரின்னாக. இந்த வருசம் சட்டி எடுத்துக் காட்டுதேன். பத்து நாளுதான். தாங்கிக்கிருவேன்."

"தாங்கிக்கிற மாட்டடி. உனக்குத் தைரியம் இல்லைன்னு சொல்லல. உடம்பு கேக்காது. சுகந்தி உன்னையவிடத் தைரியசாலி. அவளுக்கே முடியல."

"சுகந்திய ஏன் இழுக்க?" என்றார் ஆவுடைத்தாய்.

செல்லக்கிளி தரையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல அவரால் முடியவில்லை.

"அம்மா, சுகந்தி மேல ஆத்தா வரல."

செல்லக்கிளி ஜோதிகாவின் கைகளைக் காட்டினார்.

"குடிய ஒரேயடியா நிறுத்துனா கை நடுங்கும், இல்லாதது தெரியும், வெட்டு வரும். அது ஒரு நோவு. டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாக. முந்துன நாளே கொண்டு போயிருந்தா இன்னைக்கு உக்காந்து நம்மகூட பானகம் கலக்கிட்டு இருப்பா. குடிச்சுச் சாகல அம்மா அவ. நாம நிறுத்துனதால செத்தா."

ஆவுடைத்தாய் படத்தை நிமிர்ந்து பார்த்தார். திரும்பினார்.

"எறும்புன்னு சொன்னாளேடி?"

"எறும்பு அவ கண்ணுக்கு நெசமாத் தெரிஞ்சிருக்கு. செவத்துல ஊர்ற மாதிரி. அதுவும் அந்த நோவுதான்."

"பட்டா வந்துச்சே?"

"நாலு வருசம் மனுவத் தூக்கிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் நடந்தது யாரும்மா? வெயில்ல மயங்கி விழுந்தது யாரு? அதுக்கு வந்துச்சு பட்டா."

கற்பூரத் தட்டு ஆவுடைத்தாய் கையிலிருந்து சரிந்து தரையில் உருண்டது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. அதுவரை யாரும் அந்த அம்மாவின் உதடு கோணிப் பார்த்ததில்லை.

"கும்புட்டுக்கிட்டே சாக விட்டுட்டமா?"

"நானும்தாம்மா. கால்ல விழுந்து வரம் கேட்டேன்."

"மூணு வருசமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என்கிட்டச் சொல்லல நீ. நேத்து என் கையாலயே இவளுக்கும் கட்ட விட்டுட்டயேடி பாவி!" ஆவுடைத்தாய் செல்லக்கிளியின் தோளில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். செல்லக்கிளி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. பாட்டில் விழாமல் மடியோடு அணைத்துக்கொண்டார்.

"மாலை போட்டுட்டீகம்மா. எனக்கு வாய் வரல. சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

முத்துப்பேச்சி இடையில் விழுந்து தடுத்தாள். அந்தச் சத்தத்தில் ஜோதிகா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அவள் எடுக்கப் போனாள். விரல்கள் டம்ளரைத் தொட்டும் பிடிக்க முடியாமல் தரையில் தட்டிக்கொண்டே இருந்தன. எல்லாரும் அந்த விரல்களையே பார்த்தார்கள். இந்த முறை யாரும் குலவையிடவில்லை.

"அம்மா, எனக்குப் பயமாருக்கு" என்றாள் ஜோதிகா.

ஆவுடைத்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். பிடியையும் மீறி அது ஆடியது. மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டை வெகு நேரம் பார்த்தார்.

"இத அவுக்கணுமா?" என்றார் செல்லக்கிளியைப் பார்க்காமல்.

"அது உங்க இஷ்டம்மா. கயிறு அவள ஒண்ணும் செய்யாது."

"அவுக்க வேண்டாம்மா" என்றாள் ஜோதிகா அழுதுகொண்டே. "குத்தமாயிரும்."

"சும்மா கெடடி. குத்தம் வந்தா கட்டுன எனக்கு வரட்டும்." கயிற்றை அவிழ்க்கவில்லை. சேலை முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். "இவ ஆஸ்பத்திரிக்கு வருவாளா?"

"சாயங்காலம் டாக்டரம்மாவே இங்க வாராக. அவுக சொல்ற மாதிரி செய்வம். அதுவரைக்கும் இது ஒண்ணுதான் வழி. நடுவுல வெட்டுக் கிட்டு வந்தா வேப்பிலையத் தொடப்பிடாது, நூத்தியெட்டுதான்."

"யாரு ஊத்திக் குடுக்கிறது?"

"நான் இருக்கேம்மா, பத்து நாளும்."

"நீ வேண்டாம்." ஆவுடைத்தாய் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "நிறுத்துன கை என்னுது. எந்தக் கோடுன்னு காட்டு."

செல்லக்கிளி துண்டைப் பிரித்துப் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தார். "இன்னைக்கு மேல் கோடு. அத நாலு வேளையாப் பிரிச்சு, ஒவ்வொரு வேளையும் சோறு உள்ள போன பிறகு. நாளைக்கு இதுக்குக் கீழ் கோடு வரைக்கும் நெரப்பிக்கிடுங்க. கோடு தாண்டி ஒரு சொட்டுக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மேல ரெண்டு கோடும் அகலமா இருக்குன்னு சந்தேகப்படாதீக, பாட்டில் அங்க ஒடுங்குது. அளவு சரி."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும். முத்துப்பேச்சி, சோத்தப் போடு."

ஜோதிகாவுக்குக் காப்புக் கட்டிவிட்ட வலது கையை ஆவுடைத்தாய் நீட்டினார். நீட்டிய கையும் நடுங்கியது. செல்லக்கிளி அது நிலைக்கும்வரை பொறுத்திருந்து, பாட்டிலை அதில் வைத்தார்.